அவசரம்: புதிய கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியா 4 காட்டுகிறது, எதை ஊற்றினால் குறையும்?

சத்துவாச்சாரி_புதியவர் (சனி, இரவு 9:40)
வணக்கம். கடல்நீர்த் தொட்டி வைத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. இரண்டு கிளவுன் மீன்களும் நேற்று மாலை முதல் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சோதித்துப் பார்த்ததில் சோதனைக் குழாயில் இருந்த நீர் கரும்பச்சையாக மாறியது. அட்டையில் ஒப்பிட்டால் 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம். இன்று காலை பாதித் தண்ணீரை மாற்றியும் இப்போது மறுபடி அதே நிறம்தான் வருகிறது. ஃபில்டர் சரியாக ஓடுகிறது. தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

குடியாத்தம்_அக்வா (9:52)
தொட்டி எத்தனை லிட்டர், வெப்பநிலை என்ன, உப்பின் அடர்த்தி எவ்வளவு, குழாய்த் தண்ணீரா ஆர்ஓ தண்ணீரா, மீனை எத்தனையாவது நாளில் விட்டீர்கள், உள்ளே பாறை இருக்கிறதா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் எதையும் சொல்ல முடியாது. அதுவரை ஏர் பம்பைக் கூடுதலாக ஓடவிடுங்கள், தீனி போடாதீர்கள்.

காட்பாடி_தொட்டி (9:58)
என் அனுபவத்தில் வேலூரில் முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான் விழ வேண்டும். காவிரிக் கூட்டுக்குடிநீரில் குளோரின் வாசனை சில நாட்களில் மூக்கைத் துளைக்கும். அதை அப்படியே ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்திருக்கும் பாக்டீரியா செத்துவிடும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நச்சைத் தின்ன ஆளிருக்காது.

ஆற்காடு_மூத்தவர் (10:05)
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பது பாலபாடம். அதைக்கூடப் படிக்காமல் பன்னிரண்டு நாளில் மீனை வாங்கி விட்டுவிட்டு, எதை ஊற்றுவது என்று கேட்டால் என்ன சொல்வது? பொறுமை கடையில் பாட்டிலில் விற்பதில்லை, தம்பி.

சத்துவாச்சாரி_புதியவர் (10:14)
120 லிட்டர். 31 டிகிரி. அடர்த்தி 1.025. ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பு கலந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை. மீன் விட்டது எட்டாம் நாள். பாறை ஏறத்தாழ 15 கிலோ, சென்னையில் தன் தொட்டியைக் கலைத்த நண்பர் கொடுத்த லைவ் ராக். சுத்தமாகக் கழுவித்தான் வைத்தேன்.

வாலாஜா_வண்ணமீன் (10:20)
ஜியோலைட் கல் அரைக்கிலோ வாங்கித் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள். என் தங்கமீன் தொட்டியில் ஒரே இரவில் 2 பிபிஎம் இறங்கியது. மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆற்காடு_மூத்தவர் (10:26)
தங்கமீன் தொட்டி நன்னீர், ஐயா. அம்மோனியாவைப் பிடித்து நிரம்பிய ஜியோலைட்டை எப்படிப் புதுப்பிப்பீர்கள்? உப்புக் கரைசலில் ஊறவைப்பீர்கள். அப்போது சோடியம் உள்ளே ஏறி அம்மோனியம் வெளியேறும். இவருடைய தொட்டி முழுவதுமே உப்புக் கரைசல். அதில் அந்தக் கல் எதைப் பிடிக்கப் போகிறது?

வாலாஜா_வண்ணமீன் (10:31)
நான் பட்டறிந்ததைச் சொன்னேன். உங்களுக்குக் கல்லும் புத்தகமும் ஒன்றுதான். மீன் செத்துக்கொண்டிருப்பவருக்கு வேதியியல் வகுப்பு எதற்கு?

குடியாத்தம்_அக்வா (10:38)
சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம், ஆனால் மூத்தவர் சொன்ன செய்தி சரியானது. தங்கமீன் பிழைத்ததற்கும் காரணம் உண்டு. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7 அருகில் இருக்கும் நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கடல்நீரின் பிஎச் 8.2 அருகில் இருக்க வேண்டியது. 31 டிகிரி வெப்பமும் சேர்ந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நச்சாக நிற்கும். அதே 2 பிபிஎம் இங்கே வேறு கணக்கு.

இன்னொன்றும் உறுத்துகிறது. காலையில் பாதித் தண்ணீரை மாற்றியபோது 4 என்பது 2 ஆகியிருக்க வேண்டும். இரவுக்குள் மறுபடி 4 என்றால், 120 லிட்டரில் 240 மில்லிகிராம் அம்மோனியா பன்னிரண்டு மணி நேரத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டு சிறிய கிளவுன் மீன்களின் கழிவுக்கு இது மிக மிக அதிகம். பாக்டீரியா குறைவு என்பது மட்டும் காரணமில்லை, உள்ளே ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது. பாறையைக் கழுவினேன் என்றீர்களே, எப்படிக் கழுவினீர்கள்?

சத்துவாச்சாரி_புதியவர் (10:47)
கோணிப்பையில் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்தேன். மீன் நாற்றம் அடித்ததால் போர் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். சுத்தம் செய்துதானே வைக்க வேண்டும்?

காட்பாடி_தொட்டி (10:49)
ஐயோ! என் குளோரின் கதையைத் திரும்பப் பெறுகிறேன்.

குடியாத்தம்_அக்வா (11:05)
லைவ் ராக் என்பதில் அந்த "லைவ்" தான் விலை. பாறையின் நுண்துளைகளில் பாக்டீரியாவோடு கடற்பஞ்சு, புழுக்கள், சிறு நத்தைகள் என்று எத்தனையோ உயிர்கள் ஒட்டி வாழும். நன்னீரான போர் தண்ணீர் பட்டதுமே பெரும்பாலானவை இறந்திருக்கும். மிஞ்சியதை வேலூர் வெயில் முடித்திருக்கும். மேற்பரப்பு வெள்ளையாகி, பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் துளைகளுக்குள் செத்துக் காய்ந்ததெல்லாம் தண்ணீரில் ஊறியதும் அழுகத் தொடங்கும். ஒரு பாறையை எடுத்து அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை வரும்.

இன்றிரவே பாறைகள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் உப்புநீர் கலந்து, நீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரை ஓடவிட்டு, அதில் போட்டுவையுங்கள்; சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, அம்மோனியா தானாக இறங்கி நிற்கும்வரை அவை அங்கேயே கிடக்கட்டும், வாரக்கணக்கில் ஆனாலும் சரி. தொட்டியில் மறுபடி பாதி நீர் மாற்றம் செய்யுங்கள். புதிய நீரின் உப்பும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்று கலந்தாலும், ஊற்றுமுன் அளந்து பாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் ஓரிரு டிகிரி குறையும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல.

ஆம்பூர்_குளம் (11:12)
என்னிடம் மூன்று வருடம் ஓடிய ஃபில்டர் பஞ்சு இருக்கிறது, பாதி வெட்டித் தரட்டுமா? நன்னீர்த் தொட்டிதான்.

ஆற்காடு_மூத்தவர் (11:15)
நன்னீரில் வளர்ந்த பாக்டீரியாவைத் திடீரென்று கடல்நீரில் போட்டால் பெரும்பகுதி தாங்காது. அதுவும் செத்து அம்மோனியாவைத்தான் கூட்டும். தருவதென்றால் ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியின் பஞ்சைத் தர வேண்டும்.

வாலாஜா_வண்ணமீன் (11:18)
அதையாவது நீங்கள் தரலாமே, மூத்தவரே. இவ்வளவு நேரம் எழுதியதற்கு ஆற்காட்டிலிருந்து வண்டியில் வந்தே கொடுத்திருக்கலாம்.

ஆற்காடு_மூத்தவர் (11:24)
என் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பஞ்சைக் கொடுத்தால் அம்மோனியாவோடு நோயும் சேரும். கொடுக்காதது கஞ்சத்தனம் அல்ல.

காட்பாடி_தொட்டி (11:26)
என்னுடையது இரண்டு வருடக் கடல்நீர்த் தொட்டி, நோய் எதுவும் இல்லை. மீன்களை மூடியுள்ள வாளியில் போட்டு, பேட்டரி ஏர் பம்புடன் கொண்டு வாருங்கள். பாலாற்றுப் பாலம் தாண்டிப் பத்து நிமிடம்தான். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். திரும்பும்போது பஞ்சில் ஒரு துண்டு எடுத்துச் செல்லலாம்.

சத்துவாச்சாரி_புதியவர் (செவ்வாய், காலை 7:10)
பாறை நாறியது உண்மை. ஒரு மீன் அன்றிரவு வாளியிலேயே போய்விட்டது. மற்றொன்று காட்பாடியில் இருக்கிறது. தொட்டியில் அம்மோனியா இப்போது 1. அனைவருக்கும் நன்றி.

குடியாத்தம்_அக்வா (7:32)
நைட்ரைட் பார்த்தீர்களா? பிஎச் எவ்வளவு?

குடியாத்தம்_அக்வா (வியாழன், இரவு 8:15)
நைட்ரைட் அளவைச் சொன்னால்தான் அடுத்து என்ன என்று சொல்ல முடியும்.

காட்பாடி_தொட்டி (8:40)
அவர் இங்கே வரவில்லை, தொலைபேசியில் பேசினார்; நைட்ரைட் லேசாக ஊதா காட்டுகிறதாம். மீன் நேற்று முதல் தீனி எடுக்கிறது. அங்கே அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி நிற்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வாளியை மட்டும் யாராவது நினைவூட்டி வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள், மாடிப்படியில் எல்லோர் காலிலும் இடறுகிறது.