குதிரைச் சேண மெத்தையை எப்படித் துவைப்பது?

ஏரிக்கரை_சவாரி:
கொடைக்கானல் ஏரியைச் சுற்றி இரண்டு குதிரைகளை வைத்துச் சவாரி விடுகிறேன். சேணத்துக்கு அடியில் போட இரண்டு கம்பளி மெத்தை, இரண்டு பருத்தி மெத்தை இருக்கின்றன. சீசனில் வியர்வை ஏறி, முடி அப்பி, காய்ந்ததும் பலகை மாதிரி விறைத்துவிடுகின்றன. பத்து நாள் முன்னால் ஒரு கம்பளி மெத்தையை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டேன். நான்கு விரல் அளவு சுருங்கிவிட்டது, முடி அடைத்து மெஷினும் நின்றுவிட்டது. இப்போது என் பெண் குதிரைக்குத் தோளுக்குப் பின்னால் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. தொட்டால் உதறுகிறாள், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பழைய_லாயம்:
தம்பி, தோல் ஆறும்வரை அவள் மேல் சேணமே ஏறக் கூடாது. சீசன் வருமானம் போனாலும் சரி.

மெத்தையை நனைப்பதற்கு முன்னால் நன்றாகக் காயவிட்டு, ரப்பர் பிரஷால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். முடி சுருள் சுருளாக வரும். ஈரத்தில் தேய்த்தால் உள்ளேதான் இறங்கும். அப்புறம் சோப்பில்லாமல் இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அதிலேயே நுரை வரும். குதிரை வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது, அது தானே நுரைக்கும். அதன் பிறகு கம்பளிக்கென்று விற்கும் லிக்விட் கொஞ்சம் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, உள்ளங்கையால் அமுக்கி எடுங்கள். முறுக்க வேண்டாம். கம்பளிக்கு வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு பிரியாது.

கடைசித் தண்ணீர் நுரையில்லாமல் தெளியும்வரை அலசுங்கள். தங்கிப்போன சோப்பு மறுநாள் வியர்வையில் கரைந்து தோலைத்தான் அரிக்கும். துணிக்கு ஊற்றும் வாசனை லிக்விடும் வேண்டாம். எங்கள் லாயத்தில் அதை ஊற்றியபோது ஒரு கிழட்டுக் குதிரைக்கு முதுகெல்லாம் தடித்துவிட்டது. பாவம், இரண்டு வாரம் நின்றது.

மலைக்குதிரை:
காசு வடிவத்தில் முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு குதிரைக்கும் உங்களுக்கும் ஒட்டும், அதனால் ஒன்றின் மெத்தை, பிரஷ் எதையும் மற்றதற்கு மாற்றிப் போடாதீர்கள். பருத்தித் துணிகளை ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசலாம். கம்பளியில் ப்ளீச் பட்டால் இழையே கரைந்துவிடும்.

ஏரிக்கரை_சவாரி:
வட்டமாக இல்லை, நீளக் கோடு மாதிரி இருக்கிறது. இங்கே மூடுபனியில் எப்படிக் காயவைப்பது?

பழைய_லாயம்:
பழைய துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுங்கள். இரண்டு மூங்கிலுக்குக் குறுக்கே விரித்துப் போடுங்கள், ஒற்றைக் கயிற்றில் போட்டால் நடுவில் மடிப்பு விழும். காற்று வேண்டும், அடுப்புச் சூடு கூடாது.

கோடு என்கிறீர்களே, அந்தச் சுருங்கிய மெத்தையை மறுபடி போட்டீர்களா? சேணத்தைவிடச் சிறிதானால் அதன் விளிம்பு சேணத்துக்கு அடியில் நின்று அழுத்தும்.

ஏரிக்கரை_சவாரி:
ஒரு வாரமாக அதைத்தான் போட்டேன் அண்ணா. இப்போது லாயத்துக்குப் போய் வைத்துப் பார்த்தேன். விளிம்பு அந்தக் கோட்டின் மேலேயே உட்காருகிறது. அவளை அவிழ்த்துவிட்டேன், நாளை மருத்துவர் வருகிறார்.