பக்கத்து மனைக்காரரின் ஆட்சேபனையால் வீட்டு அனுமதி நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊரில் அப்பா பெயரில் உள்ள 4 சென்ட் பட்டா மனையில், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தரைத்தளம் மட்டும் கட்ட ஊராட்சியில் விண்ணப்பித்தோம். பக்கத்து மனைக்காரர் கிழக்கு ஓரத்தில் தனக்குப் பாதை உண்டு என்று மனு கொடுத்துவிட்டார், அதை வைத்துக் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டார்கள், எழுத்தில் ஒரு வரி தரவில்லை, "பேசித் தீர்த்துட்டு வாங்க" என்பதோடு சரி.

புல வரைபடத்திலும் மூலப் பத்திரத்திலும் பாதையே கிடையாது. அவர் வீட்டுக்கு வடக்கே தார்ச்சாலை இருக்கிறது. 20 வருடம் தடையில்லாமல் நடந்திருந்தால் வழியுரிமை வந்துவிடும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஆனால் அவர் அந்த வழியாக வந்தது அறுப்புக் காலத்தில் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான்.

நீதிமன்றத் தடை இல்லாமல் வெறும் மனுவுக்காக அனுமதியை நிறுத்தலாமா? சர்வேயரை வைத்து அளந்து, எழுத்துப்பூர்வ பதில் கேட்டு, அப்புறம் மேல்முறையீடு போவதா? 2024-இல் வந்த சுயசான்று முறையில் (2500 சதுர அடி வரையுள்ள மனைக்கு, விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்குவது; எங்கள் மனை அதற்குள்தான்) இப்போது விண்ணப்பிக்கலாமா? அவர் தடையாணைக்குப் போகும் முன் கேவியட் (எங்களைக் கேட்காமல் தடை கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் மனு) போடச் சொல்கிறார்கள், 90 நாள்தான் செல்லுமாம். இதே சிக்கலைத் தாண்டியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், மழைக்கு முன் அஸ்திவாரம் போட்டாக வேண்டும்.