மறதி நோய்னு டாக்டர் எப்படி சொன்னாரு, யார்கிட்ட சொன்னாரு? சேலம் பக்கம் இருக்கிறவங்க அனுபவம் சொல்லுங்க

அம்மாபேட்டை மருமக:
எங்க மாமியாருக்கு போன வருஷம் கண்டுபிடிச்சாங்க. தறிக்கார வீடுங்க எங்களோடது, அவங்க காலம் பூரா நெசவு நூலைத் தார்க்குச்சில சுத்துனவங்க (தார் சுத்தறதுன்னு சொல்வோம்), திடீர்னு நூல் கலரை மாத்தி மாத்தி எடுக்க ஆரம்பிச்சாங்க, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்ப கேப்பாங்க, அடுப்புல பாலை வச்சிட்டு தெருவுல போய் நின்னுக்குவாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் வயசானா அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. சேலத்துல குகைங்கிற ஏரியால எங்க குடும்ப டாக்டர் ஒருத்தர் இருக்காரு, என் வீட்டுக்காரருக்கு சின்ன வயசுல அம்மை போட்டப்பவே பாத்தவரு, அவரு மட்டும்தான் அப்படி விடலை. முதல்ல தைராய்டு, பி12 வைட்டமின், சுகர் எல்லாம் ரத்தத்துல பாத்தாரு, தலைக்கு ஸ்கேன் எடுக்க சொன்னாரு, ஏன்னா இதுல சிலது சரி பண்ணக்கூடிய காரணமா இருக்கலாமாம், மனசு சோர்வு இருந்தாக்கூட மறதி மாதிரியே தெரியுமாம். அத்தை பள்ளிக்கூடம் போனதில்லங்க, அதனால எழுது, கடிகாரம் வரைன்னு எல்லாம் சொல்லி மார்க் போடலை, கோட்டை மாரியம்மன் பண்டிகை எந்த மாசம் வருது, இப்ப என்ன மாசம், நேத்து என்ன சமைச்சீங்கன்னு பேசிப் பேசியே பாத்தாரு.

ரிசல்ட் எல்லாம் வந்ததும் கடைசி டோக்கனா வர சொன்னாரு, கூட்டம் இருக்காதுன்னு. என் வீட்டுக்காரரு உள்ள போறதுக்கு முன்னாடியே போன்ல "அம்மாகிட்ட சொல்லாதீங்க சார்"னு கெஞ்சிட்டாரு. டாக்டர் சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. அத்தையவே பாத்து, "பெரியம்மா, உங்க மறதி எதனாலன்னு எனக்கு ஓரளவு தெரிஞ்சிருச்சு, உங்ககிட்ட சொல்லட்டுமா, மகன்கிட்ட மட்டும் சொன்னா போதுமா"ன்னு கேட்டாரு. அத்தை யோசிக்கவே இல்ல. "ஏந்தம்பி, ஒடம்பு என்னோடது, எங்கிட்டயே சொல்லு"ன்னாங்க. அப்புறம்தான் டிமென்ஷியான்னு பேரைச் சொன்னாரு, மூளைல வர்ற வியாதி, உங்க தப்பும் இல்ல யாரு செஞ்ச பாவமும் இல்ல, மெதுவாதான் முத்தும், முழுசா குணமாக்க மருந்து இல்ல, ஆனா பிபி சுகரை பிடிச்சு வச்சா நல்லது, தினமும் தார் சுத்துங்க, விட்ராதீங்கன்னு. சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு, அத்தை அழுதாங்க, அவரு வாட்ச் பாக்கலை. அடுத்த வாரம் எங்க ரெண்டு பேரை மட்டும் தனியா வர வச்சு ராத்திரி எழுந்து நடப்பாங்க, கேஸ் சிலிண்டரை மூடி வைங்கன்னு மத்ததெல்லாம் சொன்னாரு. இதை ஏன் இவ்ளோ நீட்டி எழுதறேன்னா, அன்னைக்கு அத்தைய ஒரு மனுஷியா நினைச்சு கேட்டாரு பாருங்க, அதுக்கப்புறம் மாத்திரை போடறதுல ஒரு நாள் கூட அவங்க தகராறு பண்ணதில்ல.

நாகலூர்க்காரன்:
படிக்கவே நிம்மதியா இருக்குங்க. எங்கப்பாவுக்கு நடந்தது வேற. ஏற்காடு காபி எஸ்டேட்ல கணக்கு பாத்தவரு, கீழ சேலத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரில காட்டினோம், பேரு வேண்டாம். அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அந்த டாக்டர் அவரை ஏறெடுத்தும் பாக்காம எங்கிட்ட "டிமென்ஷியா, க்யூர் கிடையாது, டோனெபெசில் மாத்திரை எழுதியிருக்கேன்"னு முடிச்சிட்டாரு. பஸ் மலை ஏறுது, 20 கொண்டை ஊசி வளைவும் அப்பா வாயத் திறக்கலை, இறங்கினதும் "எனக்குப் பைத்தியமாடா"ன்னு கேட்டாரு. என்ன பதில் சொல்றது சொல்லுங்க.

மேல எங்க ஊருக்குப் பக்கத்துல கிளினிக் வச்சிருக்கிற டாக்டரம்மாதான் காப்பாத்தினாங்க. அப்பாவுக்கு சாயங்காலம் ஆனா வீட்டுக்குள்ள சின்னப் பசங்க உக்காந்திருக்கிற மாதிரி தெரியும், கை நடுக்கமும் இருந்துச்சு, பேய்னு சொல்லி மந்திரிக்கக்கூட கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா பொறுமையா கேட்டுட்டு, இது லூயி பாடின்னு டிமென்ஷியால ஒரு வகையா இருக்கலாம்னு நரம்பு டாக்டருக்கு லெட்டர் குடுத்தாங்க, அதுவாத்தான் இருந்துச்சு. அப்பாகிட்டயே, "அய்யா, உங்களுக்குத் தெரியற பசங்க பொய் இல்ல, உங்க மூளை காட்டுது, இது பைத்தியம் இல்ல"ன்னாங்க. எனக்கு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க: சில மனநோய் மாத்திரை, ஊசி எல்லாம் இவருக்கு ரொம்ப மோசமா போகும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்கன்னு. அந்த சீட்டு இப்பவும் என் பர்ஸ்ல இருக்கு. வெறும் பேரைச் சொல்லி அனுப்பினா இதெல்லாம் எப்படிங்க தெரியும்?

ஓமலூர் டாக்டர்:
நான் இதே வேலைல இருக்கிறவன். எங்க பக்கமும் சொல்லணும். பேஷண்ட் முன்னாடி உக்காந்திருப்பாரு, பின்னாடி நிக்கிற மகன் சொல்லாதீங்கன்னு தலைய ஆட்டுவாரு, வெளிய கூட்டம் கதவைத் தட்டும். பல பேர் "ஞாபக மறதிதான்"னு பூசி மெழுகி அனுப்பறது இதனாலதான், எனக்கு அது சரின்னு படலை. 60 வயசுக்கு மேல நூத்துக்கு 7 பேருக்கு மேல இருக்குன்னு இந்தியா முழுக்க எடுத்த கணக்கு சொல்லுது, அபூர்வ வியாதி இல்ல இது. ஆரம்பத்துலயே அவங்ககிட்ட சொன்னாதான் பேங்க், பட்டா, உயில் எல்லாம் அவங்க விருப்பப்படி முடிக்க முடியும், முத்தினப்புறம் கையெழுத்து வாங்கினா அது செல்லாமப் போற சிக்கலும் வரும். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டக்கூடாது. என்ன தெரிஞ்சுக்கணும்னு கேட்டு அந்த அளவுக்கு சொல்றது, மீதிய அடுத்த தடவை.

அஸ்தம்பட்டி:
டாக்டர் சார், எங்கம்மா தெரிஞ்சுக்கவே வேண்டாம்னு சொல்றாங்க, அப்ப என்ன பண்றது?

ஓமலூர் டாக்டர்:
வேண்டாம்னு சொல்ற உரிமையும் அவங்களுக்குத்தான். கட்டாயப்படுத்தாதீங்க, யார்கிட்ட சொல்லணும்னு அவங்களையே கேளுங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. உங்களுக்கு உதவி வேணும்னா 14567 முதியோர் உதவி எண், காசு கிடையாது. மாத்திரை ஆரம்பிச்சு வயித்துப்போக்கோ தலைசுத்தலோ வந்தா நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட போங்க.