ஆக்டிவ் இன்கிரீடியன்ட்: "செயல்மருந்து" சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு மாத்திரையில் உண்மையில் மருந்தாக வேலை செய்யும் கூறை ஆங்கிலத்தில் 'ஆக்டிவ் இன்கிரீடியன்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நான்கு நாளாக இங்கே எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். இதுவரை வந்த சொற்கள் ஆறு: செயல்படு மூலப்பொருள், மூலமருந்து, வினைப்பொருள், உள்மருந்து, கருமருந்து, தொழிற்படு கூறு. என் பரிந்துரையைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் சொல் நிற்கும், எது நிற்காது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அம்மாவுக்கு 68 வயது, எடை 46 கிலோ. போன மாதம் சளி பிடித்தது. காய்ச்சலுக்கு வீட்டில் இருந்த பாராசிட்டமால் 650 மூன்று வேளை போட்டார். மூக்கு ஒழுகுகிறது என்று தெருமுனை மருந்துக்கடையில் 'சளி மாத்திரை' கேட்டு வாங்கி அதையும் மூன்று வேளை. தும்மலுக்காக இரவில் வழக்கமாகப் போடும் செட்டிரிசின் தனி. மூன்றாம் நாள் காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தலை சுற்றுகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றார். மாத்திரையை வாங்கிப் பார்த்தேன். அட்டையைக் கத்தரித்து ஆறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் பெயரில் பாதிதான் இருந்தது. பின்பக்கம் வெள்ளித்தாளில் '...ரமின் மாலியேட் ஐ.பி. 2 மி.கி.' என்று ஒரே ஒரு வரி, அதற்கு மேலே கத்தரி போயிருந்தது. கடைக்குப் போய் மிச்ச அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது: பாராசிட்டமால் 500, ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2.

கணக்குப் போடுங்கள். 650 மூன்று வேளை 1950, 500 மூன்று வேளை 1500, மொத்தம் 3450 மி.கி. பாராசிட்டமால். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4000தான் உச்சவரம்பு, வயதானவர்களுக்கும் 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் அதைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். காய்ச்சல் விடவில்லை என்று அன்று இரவு இன்னொன்று போட இருந்தார். தாண்டினால் கெடுவது கல்லீரல், அதுவும் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமல் கெடும். அது போக, குளோர்ஃபெனிரமினும் செட்டிரிசினும் ஒரே வகை, தும்மலையும் மூக்கொழுகலையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற உடற்பொருளை இரண்டுமே தடுப்பவை, இரண்டுமே தூக்கம் தருபவை. தலைசுற்றலுக்கும் நாக்கு வறண்டதற்கும் அதுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். கல்லீரல் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை, அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

"ஏம்மா இப்படி?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "இது காய்ச்சலுக்கு, இது சளிக்கு, இது தும்மலுக்கு. ஒண்ணுக்கு ஒண்ணுதானே போட்டேன்?"

அந்தப் பதிலில் தப்பு என்று எதைச் சொல்வது? மாத்திரைக்கு அவரிடம் இருக்கும் பெயர் நோயின் பெயர். உள்ளே இருப்பதைக் குறிக்க அவருக்கு ஒரு சொல்லும் யாரும் கொடுக்கவில்லை. இதே அம்மா, திரிகடுகச் சூரணம் சாப்பிடும் நாளில் சுக்குக் காப்பி போட்டால் வேண்டாம் என்பார், "அதுலயும் சுக்கு, இதுலயும் சுக்கு, வயிறு எரியும்" என்று. கருத்து அவரிடம் முழுசாக இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அதற்குச் சொல்லும் உண்டு: சரக்கு. லேகியத்தில் என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வாங்கிய தலைமுறை அது. சரக்கையே எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்கு உண்மையாகவே ஆசை. ஆனால் இன்று அந்தச் சொல்லை மருந்துச் சீட்டில் அச்சிட்டால் மது என்றுதான் படிப்பார்கள். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

செயல்படு மூலப்பொருள். செய்தித்தாள்களில் ஏற்கெனவே 'மருந்து மூலப்பொருள்' என்று வருகிறது, தொழிற்சாலைக்கு வந்து இறங்கும் கச்சாப்பொருள் என்ற பொருளில். ஏற்றுமதி இறக்குமதிச் செய்திக்கு அது போதும். மாத்திரையை விழுங்குகிறவருக்கு மூலப்பொருள் என்றால் மாவு, சர்க்கரை, சாயம் எல்லாம் சேர்ந்ததுதான்.

மூலமருந்து என்று சொன்ன ஐயாவின் காரணம் எனக்குப் புரிகிறது, சுருக்கமாக இருக்கிறது, காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள். "இதில் என்ன மூலமருந்து?" என்று கடையில் கேட்டால் வேறு மருந்து வரும்.

வினைப்பொருள் வேதியியல் பாடநூலோடு மோதுகிறது, அங்கே வினைபடு பொருள், வினைவிளை பொருள் என்று இரண்டு ஏற்கெனவே நிலைத்துவிட்டன. கருமருந்து எழுத்தில் சரி, பேச்சில் கருவுக்கும் கருக்கலைப்புக்கும் போய்விடும், கர்ப்பிணிகள் படிக்கும் எச்சரிக்கையில் அந்தச் சொல்லை வைக்க நான் துணிய மாட்டேன். உள்மருந்து ஓரளவு பிடித்திருந்தது. சித்த மருத்துவம் படித்த தங்கை சரியாகவே மறுத்தார்: அகமருந்து 32, புறமருந்து 32 என்று அங்கே வகைப்பாடு உண்டு, உள்மருந்து என்றால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து, முடிந்தது. தொழிற்படு கூறு இலங்கை வழக்கில் இயல்பாக ஒலிக்கும். தமிழ்நாட்டில் தொழில் என்றதும் பிழைப்பு நினைவுக்கு வரும்.

ஆக நான் வைப்பது செயல்மருந்து.

காரணம் ஒன்றுதான், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எந்தக் கலைச்சொல்லும் வீட்டுக்குள் போனதும் தேயும், முழுசாக யாரும் சொல்ல மாட்டார்கள், தலையையோ வாலையோ விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். தேய்ந்த பிறகு மிஞ்சுவது சரியான பொருளைத் தருகிறதா என்பதுதான் எனக்குச் சோதனை. அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லி விளக்கினேன். அடுத்த நாள் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது: "அப்ப ரெண்டுலயும் ஒரே மருந்தா?" செயல் உதிர்ந்துவிட்டது, மருந்து நின்றது, கேள்வியோ நூற்றுக்கு நூறு சரி. மாத்திரை வேறு, அதில் உள்ள மருந்து வேறு என்ற பிரிவினை பேச்சுத் தமிழில் முன்பே இருக்கிறது, "இதுல என்ன மருந்து இருக்கு?" என்றுதானே கேட்கிறோம். அதன் மேல் ஏற்றி வைத்த சொல் இது. 'செயல்படு மூலப்பொருள்' தேய்ந்தால் மூலப்பொருள் ஆகிவிடும், சொல்ல வந்த பொருளே போய்விடும்.

புணர்ச்சிப்படி செயன்மருந்து என்றல்லவா வர வேண்டும் என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்பார், தெரியும். அங்கே செயன்முறை, இங்கே செயல்முறை. மருந்துச் சீட்டில் பார்த்த உடனே பிரித்துப் படிக்க முடிவது முக்கியம் என்பதால் ல்-ஐ அப்படியே விடலாம் என்கிறேன். நீங்கள் செயன்மருந்து என்று எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை.

செயல்மருந்து என்ற சொல்லுக்கு மருந்தாளுநர் நண்பர் ஒருவர் தனியே எழுப்பிய மறுப்பு கனமானது. ஃபினைலெஃப்ரினை வாய்வழி கொடுத்தால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது, 2024 நவம்பரில் அதை நீக்க எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. செயலே இல்லாததைச் செயல்மருந்து என்று அழைத்தால் பொய் ஆகாதா? நான் இரண்டு நாள் யோசித்தேன். என் பதில், மூக்கில் வேலை செய்யாததால் அது உடம்பில் எதுவுமே செய்யாது என்று ஆகிவிடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த மருந்தைப் பற்றி எச்சரிக்கிறோம். இந்தியாவில் 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடச் சொன்னது. எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தார்களோ அதைத்தான் 'செயல்' குறிக்கிறது. அந்த நோக்கம் நிறைவேறியதா என்பது மருத்துவம் சொல்ல வேண்டியது, அந்தப் பாரத்தைச் சொல்லின் மேல் ஏற்ற வேண்டாம்.

செயல்மருந்து அல்லாத மிச்சம், அதாவது எக்ஸிபியன்ட், அதற்கு 'செயலறு பொருள்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். செயல் அற்றது என்றால் தீங்கும் அற்றது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து எலிக்சிர் என்று விற்றார்கள், 100 பேருக்கு மேல் இறந்தார்கள், கொன்றது மருந்தில்லை, கரைத்த திரவம். 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோதும் சிரப்புகளில் கண்டுபிடித்தது இதே டைஎத்திலீன் கிளைக்காலையும் அதைப் போன்ற நஞ்சான எத்திலீன் கிளைக்காலையும்தான். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் இருந்த செயல்மருந்துகள் என்னென்ன என்று தேடிப் பார்த்தேன்: பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மாலியேட். அம்மாவின் மாத்திரையில் இருந்த அதே மூன்று. பிள்ளைகளின் சிறுநீரகத்தை அழித்தது அந்த மூன்றில் எதுவும் இல்லை, சோதனையில் 48.6 சதவீதம் என்று வந்த டைஎத்திலீன் கிளைக்கால்தான். அந்தச் செய்தியை வாசித்த பிறகு 'செயலறு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அனுபானம் என்று ஒருவர் சொன்னது அழகான சொல், ஆனால் அது சாப்பிடும் நேரத்தில் தேனிலோ நெய்யிலோ நாம் குழைத்துக்கொள்வது, மாத்திரைக்குள்ளேயே இருப்பது இல்லை. நான் 'ஏந்துபொருள்' என்று சொல்லலாமா என்று பார்க்கிறேன், ஊறுகாய் போல வினைத்தொகை, மருந்தை ஏந்தி நிற்பது. நல்லது கெட்டது என்று எதையும் அந்தச் சொல் உறுதி கூறவில்லை. சர்க்கரை நோயாளி "ஏந்துபொருளில் சர்க்கரை உண்டா?" என்று கேட்கலாம்.

மற்ற ஆங்கிலச் சொற்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆன்டிஹிஸ்டமினுக்கு 'ஹிஸ்டமின் தடுப்பி' போதும், ஹிஸ்டமினைத் தமிழாக்கிக் குழப்ப வேண்டாம். டிகஞ்செஸ்டன்டுக்கு மூக்கடைப்பு நீக்கி. இரண்டு மூன்று செயல்மருந்து சேர்ந்த மாத்திரைக்குக் கூட்டு மாத்திரை, இது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. பாராசிட்டமால், செட்டிரிசின் போன்ற பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது, அட்டையில் இருக்கும் ஒலியும் நாம் எழுதும் ஒலியும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். இலங்கையில் பனடோல் என்றால்தான் தெரியும், இங்கே டோலோ, குரோசின் என்றால்தான் தெரியும், மூன்றிலும் செயல்மருந்து பாராசிட்டமால் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு கரைக்கும் போதும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்பதால் மாதிரிக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்:

"சளி மாத்திரை வாங்கும்போது அட்டையில் உள்ள செயல்மருந்துகளின் பெயர்களைப் படியுங்கள் அல்லது கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொள்ளும் மாத்திரையில் அதே செயல்மருந்து இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர்கள் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்."

இன்னும் ஒன்று எனக்குத் தீரவில்லை. 500, 650 என்று அட்டையில் இருக்கும் எண்ணை ஆங்கிலத்தில் ஸ்ட்ரெங்த் என்கிறார்கள், கடையில் நாம் 'பவர்' என்கிறோம். வீரியம் என்று எழுதினால் 650 சிறந்தது, 500 மட்டம் என்று ஆகிவிடும், பவர் கூடினதாகக் கொடுங்கள் என்று கேட்பதே அந்த நினைப்பில்தான். மருந்தளவு என்றால் ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதோடு குழம்பும். 'உள்ளளவு' என்று ஒன்று தோன்றியது, ஒரு மாத்திரைக்குள் இருக்கும் அளவு. சித்த மருத்துவத் தங்கையும் மருந்தாளுநர் நண்பரும் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.