மயக்கம் தெளிந்த பிறகும் சுண்டெலியின் நேரம் திரும்பவில்லை: மருந்தின் வேலையா?

இருட்டறை:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலிகளை முழு இருட்டில், ஓட்டச் சக்கரத்தோடு சில வாரங்களாக வைத்திருக்கிறோம். சிறிய அறுவை சிகிச்சை ஒன்றுக்காக எல்லாவற்றுக்கும் காலை 10 மணிக்கு ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்தோம். அதன் பிறகு சில எலிகள் சக்கரத்தில் ஏறும் நேரம் பிந்திவிட்டது. மற்றவை முன்பு போலவே ஏறுகின்றன. "மயக்கத்தின் அசதிதான், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார் உடன் வேலை செய்பவர். ஆனால் பிந்தியவை பழைய கோட்டுக்குத் திரும்பவே இல்லை. அன்றாடம் ஓடத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் வரைபடத்தில் அதற்கு இணையாக, தள்ளி ஒரு புதுக் கோடு ஓடுகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

செவ்வந்தி:
இணையாக ஓடினால் அது அசதி இல்லை, எலியின் உடலுக்குள் நாளைக் கணக்கிடும் கடிகாரமே நகர்ந்திருக்கிறது. அசதி என்றால் ஓரிரு நாள் ஓட்டம் குறையும், பிறகு பழைய கோட்டிலேயே வந்து சேரும். செவோஃபுளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயு கொடுத்த எலிகளின் மூளையில், மையக் கடிகாரம் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் அந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களில் ஒன்றான பெர்2-இன் வெளிப்பாடு குறைவதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புரோபஃபால் என்ற மயக்க ஊசி மருந்து, உங்கள் எலிகள் நகர்ந்ததற்கு எதிர்த்திசையில் தள்ளியது: 2007இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஓய்வு நேரம் முடியும் தறுவாயில் அதைக் கொடுத்தபோது எலிகளின் ஓட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தியது.

கூண்டுக்காரர்:
விலங்குக் கூடத்தில் நரைத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன் தம்பி, அந்தக் காலை 10 மணி யாருடைய 10 மணி? உங்கள் சுவர்க் கடிகாரத்தை எலி பார்ப்பதில்லை. முழு இருட்டில் சுண்டெலியின் நாள் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் எலிக்கு எலி மாறும். சில வாரங்கள் போனால் ஒன்றுக்கு நடுப்பகலாக இருப்பது இன்னொன்றுக்கு அந்தி. சில நகர்ந்து சில நகராததற்கு முதலில் அங்கேதான் காரணம் தேடுவேன். ஒவ்வொரு எலியும் ஓடத் தொடங்கும் நொடியை 12 மணி என்று வைத்து, மருந்து எந்த மணியில் விழுந்தது என்று திரும்பக் கணக்கிடுங்கள். "காலையில் கொடுத்தோம்" என்று எழுதி முடித்துவிடும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டூரக்கின் குழு 1986இல், டிரையசோலாம் என்ற தூக்க மருந்து ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற விலங்கின் கடிகாரத்தை நகர்த்துகிறது என்று காட்டியது. மருந்து நேரே மூளைக் கடிகாரத்தைத் தொடுகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஊசி போட்ட ஹாம்ஸ்டர் படுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் எழுந்து சக்கரத்தில் ஓடியது! 1989இல் வான் ரீத் என்ற ஆய்வாளரும் டூரக்கும் ஊசிக்குப் பிறகு அதை நடமாட விடாமல் அடக்கி வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் நகரவில்லை. தள்ளியது அந்த வேளைகெட்ட ஓட்டம்தான். தூங்க வைக்கும் மருந்து என்று டப்பாவில் எழுதியிருப்பதை விலங்கு படித்துவிட்டு நடப்பதில்லை.

இருட்டறை:
நன்றி ஐயா. திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தேன். பிந்தியவை எல்லாம் அவற்றின் பகல் நடுவில் மயங்கியவை. மற்றவை ஓடத் தொடங்கும் நேரத்துக்கு அருகில். ஆனால் மயங்கிய எலி ஓடாதே? அப்படியானால் எங்கள் எலிகளில் மருந்துதானே?

கூண்டுக்காரர்:
மயங்கும்போது ஓடாது. தெளிந்த பிறகு என்ன செய்தது என்று சக்கரப் பதிவைப் பாருங்கள். அது போக, மயங்கிய சுண்டெலியின் உடல் வெப்பம் சடசடவென இறங்கும். நீங்கள் மேசை விளக்கும் போட்டிருப்பீர்கள். இருட்டில் வாழும் எலிக்கு அந்த வெளிச்சமும், விழும் மணியைப் பொறுத்து, கடிகாரத்தைத் தள்ளக்கூடும். மூன்று சந்தேகத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மருந்து என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறுவை இல்லாமல் இரண்டு குழு வையுங்கள்: ஒன்றுக்கு ஐசோஃபுளூரேன், மற்றதற்கு அதே பெட்டியில் வெறும் ஆக்சிஜன். இரண்டும் எலியின் கணக்கில் ஒரே மணியில், மங்கலான சிவப்பு விளக்கில். மருந்துக் குழுவுக்கு வெப்பத் திண்டு, தெளிந்த பிறகு சில மணி நேரம் இரு குழுவுக்கும் சக்கரம் பூட்டு.