பொருள்: ‘லேக்’ என்பதற்கு ஒரு சொல்லா, இரண்டா? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: சேலத்துப் பேனா

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு கல்லூரியின் கணினி மன்றம் மாணவர்களுக்குக் கையேடு போடுகிறது. இணையத்தில் ஆட எந்தக் கணினி வாங்கலாம், எந்த இயங்குதளம் போடலாம் என்பது பொருள். தமிழாக்கம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வன்பொருள், நினைவகம், வரைகலை அட்டை எல்லாம் தடங்கலின்றி ஓடிவிட்டன. ‘லேட்டன்சி’யில் (பையன்கள் வாயில் ‘லேக்’) வந்து நிற்கிறேன்.

அகராதிகளில் ‘உள்ளுறை’, ‘மறைநிலை’ என்று கிடைக்கிறது. வெறும் ‘தாமதம்’ போட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் பையன்கள் ‘லேக் அடிக்குது’ என்று சொல்வதில் இரண்டு நோய் இருக்கிறது. ஒன்று, நாம் அழுத்திய பொத்தான் சர்வருக்குப் போய்ப் பதில் வர நேரமாவது. மற்றொன்று, கணினியால் படங்களை வேண்டிய வேகத்தில் வரைந்து தள்ள முடியாமல் போவது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கடைக்காரர் சொன்னதை நம்பி அரை லட்சத்துக்கு வரைகலை அட்டை வாங்கினான். அவனுக்கு இருந்ததோ முதல் நோய். ரூட்டர் இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தது. அட்டை மாட்டிய பிறகும் ஆட்டம் பழைய கதையேதான்.

ஆகவே எனக்கு இரண்டு சொல் வேண்டும். படித்தவுடன் புரியவும் வேண்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற புலவர்

அன்பரே, ‘உள்ளுறை’யை உடனே அடித்துவிடுங்கள். இயற்பியலில் உள்ளுறை வெப்பம் சரி. அந்த வெப்பம் வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்து கிடக்கிறது. உங்கள் வலையில் ஒளிந்திருப்பது எது? வரத்தான் நேரமாகிறது. உள்ளுறை என்றால் எங்களுக்கு, பொருளை உள்ளே மறைத்து வைக்கும் உவமம்தான்.

நான் முன்மொழிவது ‘தூங்கல்’. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்ற குறளில் (672) வரும் தூங்குதல் உறக்கமன்று, காலம் நீட்டித்தல். ‘தூக்கங் கடிந்து செயல்’ (668) என்பதும் அதுவே. தூங்குதலின் முதற்பொருள் தொங்குதல். தொங்குவது அசையும், அசைந்து வருவது மெல்ல வரும். வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. அசைந்து நடக்கும் யானைக்கும் தூங்கல் என்று பெயருண்டு. குழந்தையைத் தொட்டிலில் தொங்கவிட்டதால்தான் உறக்கம் தூக்கமாயிற்று என்பது என் துணிபு. கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறேன்; கேட்டால் அனுப்புவேன்.

அனுப்பியவர்: கோவை கேமர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். “உங்கள் கணினியில் தூங்கல் அதிகமா?” என்று அச்சானால் எங்க பசங்க நேரா போய் ஸ்லீப் மோடை அணைச்சுடுவாங்க.

பேனா அண்ணா, நாங்க ஏற்கெனவே ரெண்டா பிரிச்சுத்தான் பேசுறோம். ‘பிங் ஏறுது’ன்னா (பதில் வர்ற நேரம் கூடுது) நெட். ‘எஃப்பிஎஸ் விழுது’ன்னா (நொடிக்கு எத்தனை படம்கிறது குறையுது) மெஷின். ரெண்டு எண்ணையுமே ஆட்டம் நடக்கும்போது திரை மூலையில வெச்சுக்கலாம். திரையில ‘பிங்’னு இருக்கிறதைக் கையேட்டுல வேற பேர்ல போட்டா யாருக்கு என்ன லாபம்?

அனுப்பியவர்: கம்பிவடம், சிங்கப்பூர்

‘பிங்’ இடுகுறி அல்ல. 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்து அப்படிப் பெயர் வைத்தார். நெறிமுறையில் அது அனுப்பும் செய்திக்குப் பெயரே எதிரொலிக் கோரிக்கைதான். அதனால் ‘எதிரொலி நேரம்’ என்றால் பொருள் துல்லியமாக நிற்கும். போய்வரும் மொத்த நேரம் என்பதும் அதிலேயே அடங்கும்.

கையேட்டில் இந்தக் கணக்கைச் சேருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. போய்வரக் குறைந்தது 29 மில்லிநொடி. மும்பை 1,000 கி.மீ.க்குச் சற்று மேல், ஆக 10 மில்லிநொடி. இதெல்லாம் நேர்க்கோட்டுக் கணக்கு; எந்த வடமும் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகளும் நேரம் தின்னும். எவ்வளவு விலையுள்ள அட்டை வாங்கினாலும் இதில் ஒரு மில்லிநொடிகூடக் குறையாது.

திரையின் கணக்கு வேறு. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 படம் மாறும் திரையில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி, 144 ஹெர்ட்ஸில் 6.9. அட்டையும் திரையும் மாற்றினால் இது குறையும். இரண்டையும் மில்லிநொடியில் அளப்பதால்தான் கடைக்காரர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற புலவர்

‘நொடி’ என்று எழுதிய சிங்கப்பூர் அன்பருக்கு நன்றி. ‘வினாடி’ என்று எழுதவில்லை. ஆனால் ஓர் ஐயம். ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்பது தொல்காப்பியம். அங்கே நொடி என்பது கைந்நொடி. அதுவே ஒரு மாத்திரை. குற்றியலுகரத்துக்கு அரை, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். நீங்கள் சொல்லும் 6.9 எந்தக் குறுக்கத்திலும் அடங்காதே! நுண்ணிதின் உணர்ந்தோர் இதற்கும் ஓர் அளவுப் பெயர் வைத்திருக்கமாட்டார்களா?

அனுப்பியவர்: வடமராட்சி

மாத்திரையைப் பிறகு பாப்பம் ஐயா. எங்கட பக்கம் இதுக்குச் சொல் தேடத் தேவையில்லை: சுணக்கம். பிந்தி வந்தால் “ஏன் சுணங்கினனீங்கள்?” எண்டுதான் அம்மா கேப்பா. ‘வலைச் சுணக்கம்’ எண்டு போடுங்கோ, விளங்கும்.

‘இயங்குதளம்’ எண்டதை நாங்கள் பள்ளிக்கூடத்தில ‘பணிசெயல் முறைமை’ எண்டு படிச்சனாங்கள். அந்தச் சண்டையை இப்ப தொடங்கேல்ல.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற புலவர்

சுணங்கு என்பது சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் படரும் தேமல். சுணங்கன் என்றால் நாய்.

அனுப்பியவர்: வடமராட்சி

நாயும் தேமலும் இருக்கட்டும் ஐயா. உங்கட ஊர்ப் பேப்பரிலயும் ‘பணிகளில் சுணக்கம்’ எண்டு வருகுதே. அதை வாசிச்சுப்போட்டு ஆரும் தேமலுக்கு மருந்து தேடேல்லை.

அனுப்பியவர்: கோவை கேமர்

சுணக்கம் ஓகே. எங்க பாட்டியும் சொல்லும். அப்ப மெஷின் பிரச்சினைக்கு ‘திக்கல்’? படம் திக்கித் திக்கி ஓடுது இல்லையா.

அனுப்பியவர்: கணினி ஆசிரியை, மதுரை

‘திக்கல்’ வேண்டாம் தம்பி. என் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழுதான பொருளுக்கு அவர்கள் பேச்சைப் பெயராக வைத்தால் மறுநாளே அது பட்டப்பெயராகிவிடும். ‘திணறல்’ என்று வையுங்கள். சூடேறினால் கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அதற்கும் பொருந்தும்.

பேனாவுக்கு இன்னொன்று. வரைவில் ‘செயலியை மேம்படுத்துங்கள்’ என்று இருக்கிறது. பாடநூலில் செயலி என்றால் பிராசசர். பிள்ளைகளுக்குச் செயலி என்றால் கைப்பேசியில் இருப்பது. அவர்கள் பிளே ஸ்டோரைத் திறப்பார்கள். ‘மையச் செயலகம்’ என்று மாற்றினால் தப்பிக்கலாம்.

அனுப்பியவர்: சேலத்துப் பேனா

மாற்றிவிட்டேன் அம்மா, நன்றி. புலவர் ஐயா, கோபம் வேண்டாம்; ‘சுணக்கம்’ பக்கம் சாய்கிறேன்.

இயங்குதள அத்தியாயத்தில் ஒன்று கேட்க வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கெர்னல்’ என்பதற்குக் ‘கருனி’ போட்டிருக்கிறேன். லினக்ஸ் நண்பர்களுக்குப் பழகிய சொல், மற்றவர்களுக்கு அந்நியம். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கருனி மட்டத்தில் உட்காருவதால்தான் சில ஆட்டங்கள் லினக்ஸில் ஓடுவதில்லை. இதை விளக்காமல் அந்த அத்தியாயமே இல்லை.

அனுப்பியவர்: கோவை கேமர்

கருனியோ கெர்னலோ, முடிவு ஒண்ணுதான் அண்ணா: முதல்ல எந்த ஆட்டம்னு முடிவு பண்ணணும், அப்புறம்தான் இயங்குதளம், கடைசிலதான் வன்பொருள். எல்லாரும் தலைகீழா வாங்குறாங்க.

கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 மட்டும்னா லினக்ஸே போதும், நேரடியா ஓடும். 2018ல வால்வ் கம்பெனி புரோட்டான்கிற மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு விண்டோஸுக்குன்னு எழுதின ஆட்டங்களும் நிறைய ஓடுது. ஆனா வேலரண்ட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் ஓடிட்டு இருந்தது, 2024 அக்டோபர் கடைசியில தடுத்துட்டாங்க. இந்த மாதிரி ஆட்டம் வேணும்னா விண்டோஸ்தான். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி கேக்கும், செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க அதை முதல்ல பாக்கணும். அட்டைக்குக் காசு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு லேன் கேபிள் வாங்கிச் சொருகிப் பாக்கச் சொல்லுங்க.

அனுப்பியவர்: கம்பிவடம், சிங்கப்பூர்

கேபிள் யோசனையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஒரு குறை பாக்கி. சராசரிச் சுணக்கம் குறைவாக இருந்தும் அது 20க்கும் 90 மில்லிநொடிக்கும் இடையே தாவிக்கொண்டிருந்தால் ஆட முடியாது. நிலையான 60 அதைவிட நல்லது. இந்தத் தாவலுக்குப் பெயர் ‘ஜிட்டர்’. அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘எதிரொலி நேர’த்தை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

எண்ணிப் பார்த்ததில் ‘சுணக்கம்’, ‘திணறல்’ இரண்டுக்கும் ஆதரவு அதிகம். ‘பிங்’கைத் திரையில் உள்ளபடியே விடலாம் என்பதிலும் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள், அல்லது களைத்துவிட்டார்கள். பேனா இதை வைத்து அச்சுக்குப் போகட்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற புலவர்

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படுகிறேன் என்று பொருளல்ல. சொல்லடைவில் ‘தூங்கல்’ என்று ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன்.

ஜிட்டருக்குச் சொல் இருக்கிறது. தொல்காப்பிய உரியியலைத் திறந்து பாருங்கள்: ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’. அலமரல்! இதன் வேர் பற்றி விரிவாக…

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.