மறு: ‘டேக் எண்’ என்றால் என்ன? (இசைவு எண் என்று சொல்லலாமா?)

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கள் ஊர் நாளிதழில் ‘டேக் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்’ என்று வந்ததைப் படித்துவிட்டு, இந்த டேக் (ஆங்கிலத்தில் டி, ஏ, சி என்ற மூன்றெழுத்து) என்ன டேக் என்று கோவை ஐயா கேட்டிருந்தார். அதற்குள் இழை எங்கெங்கோ போய்விட்டது. ஒருவர் விதிமுறை, நிபந்தனை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்கிறார், இன்னொருவர் வரிக்கணக்கு எண் என்கிறார், பாயான் லெப்பாஸில் கைப்பேசி சோதனை வேலை பார்க்கும் தம்பி ஐஎம்இஐ எண்ணையே (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உள்ள அடையாள எண்) கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பினாங்கில் இருந்துகொண்டு, வங்கி அனுப்புகிற எண்ணான இந்த மூன்றெழுத்தோடு அன்றாடம் மாரடிக்கிறவன் என்ற உரிமையில் நானும் எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னது தப்பே இல்லை. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதில் முதல் 8 இலக்கம்தான் டைப் அலொகேஷன் கோட், அதாவது இது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று காட்டுவது. அடுத்த 6 அந்தக் கருவியின் தொடர் எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். அதுவும் டி, ஏ, சி. 4ஜி வலையமைப்பில் டிராக்கிங் ஏரியா கோட் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கும் இதே மூன்றெழுத்து. ஆனால் நாளிதழ் ‘யாரிடமும் சொல்லாதீர்’ என்கிறதே, மாடலை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது? எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு விரித்தால் எதை வேண்டுமானாலும் விரிக்கலாம், எல்லாமே பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். அது யாரிடமிருந்து வருகிறது, எப்போது வருகிறது, அதை வாங்கிக்கொண்டவன் அதை வைத்து என்ன செய்ய முடியும், இந்த மூன்றையும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, இங்கே அது குறுஞ்செய்தியில் எப்படி வரும் என்று சொல்கிறேன் (இப்போது பல வங்கிகள் வழியை மாற்றிவிட்டன, அதைக் கடைசியில் சொல்கிறேன்). வங்கியின் இணையப் பக்கத்தில் நுழைந்து ஒருவருக்கு 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட், சுருக்கமாக ஆர்எம்) போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எண், தொகை எல்லாம் அடித்து முடித்ததும் ஒரு காலிக் கட்டம் வந்து நிற்கும், கைப்பேசியில் டிங் என்று ஒரு குறுஞ்செய்தி விழும். ‘ஆர்எம்0.00’ என்று ஆரம்பிக்கும் (இது வேறு பலரைக் குழப்புகிறது, பணம் பூஜ்யமாகிவிட்டதோ என்று! செய்தியைப் பெற உங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை), பிறகு வங்கியின் பெயர், பிறகு பெரும்பாலும் 6 இலக்கத்தில் ஓர் எண். பல வங்கிகள் எவ்வளவு தொகை, எந்தக் கணக்குக்கு என்பதையும் அதிலேயே போட்டுவிடுகின்றன. அந்த எண்ணைக் கட்டத்தில் அடித்தால் பணம் போகும், சில நிமிடம் தாமதித்தால் எண் செத்துவிடும். இதுதான் மலேசியா முழுக்கச் சொல்கிற டேக். விரித்தால் டிரான்சாக்ஷன் ஆத்தரைசேஷன் கோட்.

‘அப்படியானால் ஓடிபிதானே, அதற்குத்தான் ஒருமுறைக் கடவுச்சொல் இருக்கிறதே’ என்று சென்னை நண்பர் கேட்பார், கேட்டும்விட்டார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் டேக்கும் ஒருமுறை எண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடிபி என்ற பெயர் அந்த எண் எத்தனை தடவை செல்லும் என்பதைச் சொல்கிறது. டேக் என்ற பெயர் அந்த எண் எதற்கு என்பதைச் சொல்கிறது. ‘நீ யார்’ என்று கேட்பது ஒன்று, ‘இதைச் செய்யட்டுமா’ என்று கேட்பது இன்னொன்று. உள்ளே நுழையும்போது கடவுச்சொல் கொடுத்து நான்தான் என்று ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. இப்போது வங்கி கேட்பது இரண்டாவது கேள்வியை. தமிழ்ச் செயலிகளில் இந்த இரண்டுக்குமே ‘அங்கீகாரம்’ என்று போட்டுவைத்திருப்பதைப் பார்க்கிறோம், அதுதான் வினை. பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம், எழுத்தாளருக்கு அங்கீகாரம், கடைசியில் 500 வெள்ளிக்கும் அங்கீகாரம்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இங்கே நடக்கிற மோசடி அப்படி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும், ‘அம்மா, என் பழைய நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறது போல, என் டேக் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அந்த ஆறு எண்ணைக் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று அழாத குறையாகக் கேட்பான். கேட்கிறவருக்கு அது ஏதோ எண். பாவம், பிள்ளைக்கு உதவுவோமே என்று சொல்லிவிடுவார். ‘என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள், சம்மதம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் என்பது அந்த மூன்றெழுத்தில் எங்கேயும் தெரியவில்லை. நாம் ஒரு சொல் வைப்பதானால் அந்தச் சம்மதம் சொல்லிலேயே இருக்க வேண்டும்.

இதுவரை வந்த முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

‘பரிவர்த்தனை அங்கீகாரக் குறியீடு’. சொல்லுக்குச் சொல் சரி, அறிக்கையில் போடலாம், வாயில் நுழையாது. அதைச் சுருக்கி ப.அ.கு. என்று எழுதலாம் என்ற யோசனைக்கு என் ஓட்டு இல்லை. தமிழில் தலைப்பெழுத்துச் சுருக்கம் ஓடாது என்று நான் சொல்லவில்லை. ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சி) இங்கே எல்லார் வாயிலும் புழங்குகிறது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தைச் சுருக்கினால் உத்தமம் என்று ஒரு நல்ல சொல்லே கிடைத்துவிட்டது. அதெல்லாம் அமைப்பின் பெயர்கள். ஊழியர் சேமநிதி வாரியத்தை ஊ.சே.நி.வா. என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இபிஎஃப் என்றுதான் சொல்கிறோம்.

‘பணப் பரிமாற்ற எண்’. எளிமையாக இருக்கிறது, ஆனால் பணம் போடும்போது மட்டுமா டேக் வருகிறது? ஒரு கணக்கைப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துவைக்க, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற உச்சவரம்பை ஏற்ற, இதற்கெல்லாமும் கேட்பார்கள். அதனால் பணத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிடலாம்.

‘ஒப்புதல் எண்’. இதுதான் அதிகம் பேருக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் ஒரு சிக்கல் கண்ணில் படும்வரை பிடித்திருந்தது. கடையில் அட்டையைத் தேய்த்தால் வருகிற ரசீதைப் பாருங்கள், அடியில் அப்ரூவல் கோட் என்று ஒரு சின்ன எண் அச்சாகியிருக்கும். அது வங்கி கடைக்காரருக்குக் கொடுக்கிற ஒப்புதல், எல்லாம் முடிந்த பிறகு வருவது, அதை யார் பார்த்தாலும் பெரிய ஆபத்து இல்லை. டேக் அப்படியா? நாம் வங்கிக்குக் கொடுப்பது, முடிவதற்கு முன்பு கொடுப்பது. திசையே தலைகீழ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளைக்கு நாமே உட்கார்ந்து பிரிக்க வேண்டிவரும்.

ஆகவே நான் முன்வைப்பது ‘இசைவு எண்’. இசைவு என்பது புதுச் சொல் இல்லை, தமிழ்நாட்டு ஆட்சித்தமிழில் இசைவு, முன்இசைவு என்றெல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, கொடுக்கிறவர் மனம் ஒத்துக் கொடுப்பது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ‘உங்கள் இசைவு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்’ என்று நாளிதழில் வந்தால் காரணம் தனியாக எழுதத் தேவையில்லை. ஒன்றே ஒன்று, சேர்த்து ‘இசைவெண்’ என்று எழுத வேண்டாம். ஈப்போ ஆசிரியர் அதைத்தான் விரும்புகிறார், புணர்ச்சி விதிப்படி அவர் சொல்வது சரி. ஆனால் வானொலியில் வாசித்தால் ‘இசை வெண்’ என்று காதில் விழும், பாட்டுப் போட்டியா வெண்பாப் போட்டியா என்று கேட்பார்கள். பிரித்தே எழுதுவோம்.

எண்ணா, குறியீடா என்று ஒரு கேள்வி வந்தது. வருவது இலக்கங்கள்தான், எண் போதும்.

டேக் என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழெழுத்தில் க ஒன்றுதான். ‘டேக்’ என்று எழுதினால் அது வங்கி எண்ணா, டோல் சாவடியில் காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற ஸ்மார்ட்டேக் கருவியா என்று இங்கே யாருக்கும் சந்தேகம் வரும். ‘டேக்கை வண்டியிலேயே வச்சிட்டு வந்துட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அது எந்த டேக் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சில் ஓடட்டும், யாரும் தடுக்கவில்லை, எழுத்தில் அது போதாது.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் இன்னும் எழுப்பவில்லை. 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் எண் அனுப்புவதை விட்டு இன்னும் பாதுகாப்பான வழிக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது பல வங்கிகளில் எண்ணே வருவதில்லை, வங்கியின் செயலி திறந்து தொகையையும் பெறுநரையும் காட்டி ‘சரியா, வேண்டாமா’ என்று கேட்கிறது, விரலால் தொட்டால் முடிந்தது. எண்ணைச் சொல்லிக் கேட்கிற மோசடிக்கு அங்கே இடம் குறைவு, ஏனென்றால் வாயால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எண் போனாலும் கேள்வி அதே கேள்விதான், ‘இதைச் செய்யட்டுமா’. ஒருமுறைக் கடவுச்சொல் என்று வைத்திருந்தால் கடவுச்சொல் இல்லாத இடத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இசைவு என்றால் எண்ணை மட்டும் கழற்றிவிட்டு ‘செயலி இசைவு’ என்று தொடரலாம், பொத்தானில் ‘இசைகிறேன்’ என்று போடலாம் (கொஞ்சம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, ‘சரி’ என்றே போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை).

வங்கியில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், கோலாலம்பூரிலும் சிலர் உண்டு. முகப்பில் தமிழ் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் இதை என்ன சொல்லி விளக்குகிறீர்கள் என்று எழுதுங்கள், நாம் எல்லாரும் யோசிப்பதைவிட நல்ல சொல் அங்கேயே கிடந்தாலும் கிடக்கும். வேறு மறுப்பு வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் இசைவு எண் டேக்குக்கு, ஒப்புதல் எண் அட்டை ரசீதில் உள்ளதற்கு என்று இரண்டையும் அடுத்தடுத்த வரியில் ஏற்றிவிடுகிறேன். தம்பியின் ஐஎம்இஐ சமாசாரத்தைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அதற்கு ‘மாடல்’ என்பதையே முதலில் தமிழாக்க வேண்டியிருக்கும்.